வலித்தால் இடது கையைத் தூக்கவும்

1

இன்று காலை தபாலில் ஒரு கடிதம் வந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொல்லிவிட்டால் மிச்சத்தை எழுதக் கை ஓடாது.

பாம்பனை விட்டு இங்கே வந்து இன்றோடு ஏழு வருடம். ஜெர்மனியின் வடக்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுக ஊர். என் மனைவி ஜெசிந்தா இங்குள்ள மருத்துவமனையில் நர்ஸ். அவள் வேலையை வைத்துத்தான் வந்தோம். நான் அவளோடு ஒட்டிக்கொண்டு வந்தவன். இங்கே தங்குவதற்குக் கொடுத்திருக்கிற என் அட்டையிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. காலையில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறேன். மாலையில் ஜெர்மன் வகுப்பு. மகள் அனிட்டாவுக்குப் பத்து வயது. வரும்போது மூன்று.

நம் பங்குக் கோயில் மலருக்கு வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். பனி, ரயில், சுத்தமான தெரு என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எட்டாவதோடு படிப்பை விட்டுக் கடலுக்குப் போனவன். எனக்கு இப்போது எழுத வருவது என் தாடையைப் பற்றி மட்டும்தான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

2

தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இங்கே காலையில் தின்கிற உருண்டை ரொட்டிக்கு மேல்தோல் தேங்காய் ஓடு மாதிரி இருக்கும். கடித்தேன். வலது காதுக்கு முன்னால் ‘டொக்’கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வாய் பாதியில் நின்றுவிட்டது. மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மூட முடிந்தது. திறக்கத்தான் முடியவில்லை. இரண்டு விரல்கூட உள்ளே போகவில்லை.

அனிட்டா முதலில் சிரித்தாள். “அப்பா ரோபோ மாதிரி பேசுறாங்க” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

எனக்கு நெஞ்சுவலி தாடைக்கு ஏறுமென்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. பக்கவாதம் வாயில்தான் தொடங்குமென்று இன்னொருவர் சொன்னது வந்தது. கையைத் தூக்கிப் பார்த்தேன், காலை ஆட்டிப் பார்த்தேன். ஜெசிந்தா என் இரண்டு காதுக்கு முன்னாலும் விரலை வைத்துப் பார்த்தாள்.

“மூட்டுக்குள்ள ஒரு வில்லை இருக்கும், அது வெலகியிருக்கு. தூக்கத்துல நீங்க பல்ல நறநறன்னு கடிக்கிறீங்க. மூணு வருசமா கேக்குறேன்.”

“ஏ...ன் சொல்லல?”

“சொன்னா அதுக்கும் சேத்துக் கவலப்படுவீங்கன்னுதான்.”

அன்றைக்கே பாம்பனிலிருந்து அண்ணன் ஆரோக்கியம் பேசினார். அவர் இன்னும் கடலுக்குப் போகிறவர். நான் ‘ஸ்தோத்திரம்ணே’ என்று சொன்ன விதத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

“ஏலே, வாயில என்ன கொழுக்கட்டையா?”

“தாடை பிடிச்சுக்கிச்சுண்ணே.”

“இரும்பு கிரும்பு எதுவும் குத்துச்சாலே? வாய்ப்பூட்டா இருக்கப் போகுது. ஊசி போட்டியா?”

தனுர்வாதம் என்கிற அந்த ஒரு பயம் மட்டும்தான் அதுவரை எனக்கு வராமல் இருந்தது. மறுநாள் போய் ஊசி போட்டுக்கொண்டேன்.

3

வலியை நான் தாங்கிக்கொள்வேன். கஞ்சியாகக் கரைத்துக் குடித்துக்கொள்வேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வாய் வேண்டியிருந்தது.

அதற்கு ஒரு மாதம் முன்னால் என் அட்டையை நீட்டிக்க வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். ஜெசிந்தாவுக்கு வேலை. அனிட்டாவைத்தான் துணைக்குக் கூட்டிப் போனேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா என்னிடம் ஏதோ கேட்டார். கேள்வி எனக்குப் புரிந்தது. பதிலும் தெரியும். வினைச்சொல்லைக் கொண்டுபோய்க் கடைசியில் வைக்க வேண்டுமே என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் அனிட்டா சொல்லிவிட்டாள்: “என் அப்பாவுக்கு ஜெர்மன் வராது.”

அழகான ஜெர்மனில் சொன்னாள். அது எனக்கு முழுவதும் புரிந்தது என்பது அவளுக்குத் தெரியாது.

அந்த அம்மா நல்லவர்தான். குரலைக்கூட உயர்த்தவில்லை. “இந்த முறை ஆறு மாதம் தருகிறேன். அடுத்த முறை பி-ஒன் சான்றிதழோடு வாருங்கள்” என்றார். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அனிட்டாவைக் கேட்கச் சொன்னேன். “அப்போது பார்க்க வேண்டியிருக்கும்” என்று பதில் வந்தது.

அந்த ‘பார்க்க வேண்டியிருக்கும்’ என்பதை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் படுத்திருப்பேன். நான் மட்டும் பாம்பனில், அவர்கள் இரண்டு பேரும் இங்கே. அனிட்டா போனில் ஹலோ சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். ஒரு வருடத்தில் அந்த ஹலோவும் நின்றுவிடும். இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பி-ஒன் என்பது மொழித் தேர்வு. கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது. மற்றதில் ஒன்று முன்னே பின்னே இருந்தாலும் விட்டுவிடுவார்கள். பேச்சில் தேறாவிட்டால் எல்லாமே போயிற்று. ஏற்கெனவே ஒரு தடவை நான் பேச்சில்தான் தோற்றிருந்தேன். இரண்டாவது தேர்வுக்குப் பத்து வாரம் இருக்கும்போது வாய் பூட்டிக்கொண்டது.

4

பல் டாக்டர் பார்த்துவிட்டு, கையால் செய்கிற வைத்தியம் ஆறு தடவை என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்துக்கு நாலு வாரம்தான் உயிர். அதற்குள் தொடங்காவிட்டால் செல்லாது. நான் போன் செய்த முதல் இரண்டு இடத்திலும் ஆகஸ்டில் வாருங்கள் என்றார்கள். மூன்றாவது இடம் பக்கத்து ஊரில், பஸ்ஸில் போக வேண்டும். அவர்கள் வரச் சொன்னார்கள். போனால், காகிதத்தில் ஒரு கட்டத்தில் டிக் போடவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். டாக்டர் விடுமுறையில் இருந்தார். அவர் வந்து அந்த ஒரு டிக்கைப் போடுவதற்குள் இருபது நாள் கரைந்துவிட்டது.

பிசியோ அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். அவருடைய நீண்ட பெயர் என் தாடைக்கு அடங்கவில்லை. என்னைப் படுக்க வைத்து, ஒரு சின்ன அளவுகோலை முன்பல்லுக்கு நடுவே வைத்து அளந்தார். இருபத்து நான்கு மில்லிமீட்டர். நாற்பது இருக்க வேண்டுமாம்.

கன்னத்தின் மேலே விரலை வைத்து மெல்ல அழுத்திக்கொண்டே போனார். கடைவாய்க்கு மேலே ஒரு இடத்தில் நின்றார். அங்கே தசை கயிறு மாதிரி முறுக்கியிருந்தது எனக்கே தெரிந்தது. பிறகு கையுறை மாட்டி, கட்டைவிரலை உள்ளே விட்டுக் கீழ்க்கடைவாய்ப் பல்லின் மேல் வைத்துத் தாடையைக் கீழே அழுத்தி முன்னுக்கு இழுத்தார். இன்னொரு கை என் தலையைப் பிடித்திருந்தது. அதற்கப்புறம் சுண்டுவிரலை மேல்பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே பின்னால் வரை கொண்டுபோய் ஒரு தசையைத் தொட்டார். அங்கே அப்படி ஒரு தசை இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கண்ணுக்குள் வெள்ளையாக மின்னியது.

தொடங்கும் முன்பே ஒன்று சொல்லியிருந்தார். “வாயில் என் கை இருக்கும்போது நீங்கள் பேச முடியாது. வலித்தால் இடது கையைத் தூக்குங்கள். நான் உடனே நிறுத்திவிடுவேன்.”

நான் தூக்கவில்லை.

வீட்டுக்குப் போகும்போது ஒரு தாளில் எட்டு சிவப்புப் பொட்டுகள் கொடுத்தார். கண்ணில் படுகிற இடத்திலெல்லாம் ஒட்டிக்கொள்ள வேண்டும். பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டும்: உதடு மூடியிருக்கலாம், பல்லும் பல்லும் தொடக் கூடாது. அனிட்டாதான் ஒட்டினாள். பிரிட்ஜில், கண்ணாடியில், மாதா படத்துக்குக் கீழே. நான் பொட்டைப் பார்க்கிறேனோ இல்லையோ, அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “அப்பா, பல்லு!” என்பாள். அப்போதுதான் தெரிந்தது, நான் பஸ்ஸில், பூசையில், பாத்திரம் கழுவும் தொட்டியில், எந்நேரமும் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

5

எனக்குப் பதினெட்டு வயதில் கடலில் வலை இழுக்கும்போது கயிறு வெட்டி இழுத்துத் தோள் பிடித்துக்கொண்டது. கை மேலே வரவில்லை. வாலிநோக்கத்தில் உப்பளத்து வேலை பார்க்கிற ஒரு அக்கா சுளுக்கு எடுப்பார், கை ராசி நல்லது என்று யாரோ சொல்ல, என்னைப் பெற்ற அய்யா என்னை ராமநாதபுரம் போய் பஸ் மாற்றிக் கூட்டிப்போனார். அந்த அக்கா உப்புப் பாத்தி மிதித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். காலில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. கையைக் கழுவி, எண்ணெயைத் தடவிக்கொண்டு என் தோளில் வைத்தார். உப்புக் கல்லை அள்ளி அள்ளி உரம் ஏறின கை. நான் ஒரு சத்தம் போட்டேன்.

“ஏலே, கடல்ல போற பய இப்படியா கத்துவ? கத்துனா நரம்பு ஓடிப் போயிரும். அப்புறம் நான் எங்கன போய்த் தேடுவேன்?”

அய்யா தன் தோளிலிருந்த துண்டை எடுத்து முறுக்கி என் வாயில் கொடுத்தார். “கடிச்சுக்க. சத்தம் வரக் கூடாது.”

கடித்துக்கொண்டேன். அந்த அக்கா ஒரு இழுப்பு இழுத்தார். தோள் பிடிப்பு விட்டது. திரும்பி வரும்போது ஏர்வாடியில் டீ குடிக்கிற இடத்திலும், பஸ்ஸிலும், பாம்பனில் இறங்கின இடத்திலும் அய்யா எல்லோரிடமும் சொன்னார்: “எம்மகன் ஒரு சத்தம் விடலப்பா.” என்னைப் பற்றி அவர் வெளியாட்களிடம் பெருமையாகச் சொன்னது அது ஒன்றுதான்.

அதோடு, கிழிந்த வலை தைக்கும்போது நைலான் நூலைப் பல்லில் கடித்து இழுத்துத்தான் நாம் முடிச்சை இறுக்குவோம். இரண்டு கைக்கும் வேலை இருக்கும்போது பல்தான் மூன்றாவது கை. கடிப்பது என்பது எனக்கு ஒன்றைத் தாங்குகிற வழி, ஒன்றைப் பிடித்துக்கொள்கிற வழி. அதனால் பிசியோ அம்மாவின் மேஜையில் படுத்தபோது நான் இடது கையைத் தூக்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. கையைத் தூக்கினால் வைத்தியம் பாதியில் நின்றுவிடும், நரம்பு ஓடிவிடும், ஆறு தடவையில் ஒன்று வீணாகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

இரண்டாவது தடவைக்குப் பிறகு அண்ணன் கேட்டார்.

“அந்தம்மா காலு முன்னால வந்து பொறந்தவங்களாலே? கேட்டுப் பாரு. அப்படிப் பொறந்தவங்க தொட்டாத்தான் பிடிப்பு விடும்.”

“அதெல்லாம் இங்கன கேக்க முடியாதுண்ணே.”

“கேக்குறதுக்கு என்னலே? வாய்தான பிடிச்சிருக்கு, வெக்கமா பிடிச்சிருக்கு?”

அகராதியைப் பார்த்து நான்கு வார்த்தையைக் கோர்த்துக் கேட்டேவிட்டேன். பிசியோ அம்மா கொஞ்சம் யோசித்தார். “இல்லை, தலைதான் முன்னால். ஆனால் மூன்று வாரம் முந்தி வந்துவிட்டேனாம். அதனால் கெடுதல் உண்டா?” என்று கேட்டார். கெடுதல் இல்லை என்றேன். உண்டோ என்று வீடு வரை யோசித்துக்கொண்டு வந்தேன்.

6

நான்காவது தடவை அளந்தபோது இருபத்திரண்டு. இரண்டு மில்லிமீட்டர் குறைந்திருந்தது. பிசியோ அம்மா அளவுகோலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். அதே இருபத்திரண்டு.

“உங்களுக்கு வலிக்கவே இல்லையா?”

“இல்லை” என்றேன்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. வகுப்பில் டீச்சர், “வாயைத் திறந்து பேசுங்கள், நீங்கள் சொல்வது மேஜைக்குத்தான் கேட்கிறது” என்றார். சீட்டு எழுதிக் காட்டினேன், தாடை நோய் என்று. தேர்வில் சீட்டுக் காட்ட முடியாது என்றார். டாக்டர் சான்று கொடுத்தால் தேர்வைத் தள்ளி வைப்பார்களாம். தள்ளி வைத்தால் அடுத்த தேதி என் அட்டை முடிந்த பிறகுதான் வரும். வீட்டில் நான் பேசுவதே நின்றுவிட்டது. என்னோடு மட்டும்தான் அனிட்டா தமிழ் பேசுவாள். நான் பேசாததால் அவளும் பேசவில்லை. மூன்று பேரும் ஒரே வீட்டில், மூன்று திசையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். ஒரு நாள் தொட்டியில் பாத்திரத்தைப் போட்டுவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் நின்று அழுதேன். அழுவதற்கும் வாய் திறக்க வேண்டியிருக்கிறது.

ஐந்தாவது தடவை. கட்டைவிரல் உள்ளே இருந்தது. இழுக்கிறார். வலி காது வழியாக உச்சிக்கு ஏறுகிறது. சத்தம் வரக் கூடாது, சத்தம் வரக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். துண்டு இல்லை.

கடித்துவிட்டேன்.

கையுறையோடு அவர் கட்டைவிரலை என் கடைவாயில் வைத்துக் கடித்துவிட்டேன். அவர் கத்திவிட்டுக் கையை உருவிக்கொண்டார். அறைக் கதவைத் திறந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அந்த ஒரு நொடியில் எல்லாம் ஓடிவிட்டது. போலீஸ், வழக்கு, என் அட்டையில் ஒரு முத்திரை, விமானம், மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலத்தில் ஏறுகிற பஸ். கைகூப்பிக்கொண்டு தரையில் இறங்கி நின்றேன். தெரிந்த மன்னிப்பு வார்த்தை மூன்றையும் சொல்லிவிட்டு நான்காவதாகத் தமிழிலும் சொன்னேன்.

அவர் விரலைத் தண்ணீரில் காட்டிக்கொண்டிருந்தார். தோல் கிழியவில்லை. கோபம் இருந்தது. “ஏன் கையைத் தூக்கவில்லை?” என்றார்.

நான் சொன்னேன். எங்கே எந்த வினைச்சொல் என்றெல்லாம் பார்க்கவில்லை. உப்பு, அக்கா, தோள், அப்பா, துண்டு, பல், சத்தம் இல்லை, அப்பாவுக்குச் சந்தோஷம். துண்டைக் கடிப்பது எப்படி என்று என் சட்டைக் கையை முறுக்கிக் காட்டினேன்.

அவர் விரலைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “ஐந்து வாரமாக நான் உங்கள் தாடையை இழுக்கிறேன், நீங்கள் எதிர்ப்பக்கம் இழுத்திருக்கிறீர்கள். என் கைக்குக் கண் கிடையாது. நீங்கள் சொன்னால்தான் அதற்குத் தெரியும்.” புதுக் கையுறை மாட்டிக்கொண்டார். “படுங்கள். இன்றைக்கு உங்களுக்கு ஒரே வேலைதான். கையைத் தூக்குவது.”

படுத்தேன். விரல் கன்னத்தைத் தொட்டது. என் இடது கை எழவில்லை. பனிக்கட்டியில் கிடந்த மீன் மாதிரி அது விறைத்துக் கிடந்தது. வலி ஏறியது. ஒரு சாண் தூக்கினேன். அவர் உடனே நிறுத்திவிட்டார். விரலை எடுக்கவில்லை, அழுத்தத்தை மட்டும் விட்டார். காத்திருந்தார். அந்தக் கயிறு மெல்ல ஒரு சுற்று இளகியது. மறுபடி அழுத்தினார். மறுபடி தூக்கினேன். மறுபடி நின்றார். ஒருவர் நான் நிறுத்தச் சொன்னதும் நிறுத்துவது எனக்கு அதுவரை பழக்கமில்லை.

இருபத்தொன்பது.

7

ஆறாவது தடவைக்கும் தேர்வுக்கும் நடுவே ஐந்து நாள். ஆறாவதில் முப்பத்தொன்று வந்தது. இன்னும் ஆறு தடவை எழுதித் தரும்படி பல் டாக்டரிடம் கேட்டேன். கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் சொல்லவில்லை.

அந்த ஐந்து நாளும் பிசியோ அம்மா சொன்னபடி அனிட்டா தன் பள்ளிக்கூட அளவுகோலால் என்னை அளந்தாள். கண்ணாடி முன்னால் நின்று, நாக்கு நுனியை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு மெதுவாகத் திறக்க வேண்டும். அவள் எக்கி நின்று பார்ப்பாள். “ஆ காட்டுங்கப்பா. வலிச்சா எடது கை.” அளவைத் தமிழில் சொல்லச் சொன்னேன். ஜெர்மனில் ஒன்றை முதலில் சொல்லிப் பத்தைப் பிறகுதான் சொல்வார்கள். அதனால் அவள், “ஒண்ணும் முப்பதும்” என்றாள். நான் திருத்தவில்லை.

தேர்வில் இரண்டு பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஜோடி ஒரு எரித்திரியாக்காரர். என்னைப் பற்றிச் சொன்னேன், நன்றாகவே வந்தது. படத்தைப் பற்றிச் சொன்னேன். மூன்றாவது பாகத்தில், வேலையை விட்டுப் போகிற ஒருவருக்கு விருந்து வைக்க நாங்கள் இரண்டு பேரும் பேசித் திட்டம் போட வேண்டும். யார் கேக் வாங்குவது என்ற இடத்தில் ‘டொக்’கென்றது. பூட்டிக்கொண்டது.

பழைய ஆளாக இருந்தால் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இடது கையைத் தூக்கினேன்.

“கேள்வியா?” என்றார் ஒருவர்.

“வலிக்கிறது. ஒரு நிமிடம் நிறுத்துங்கள்” என்றேன். வினைச்சொல் அதனதன் இடத்தில் இருந்தது.

நிறுத்தினார்கள். நான் இரண்டு கன்னத்திலும் விரலை வைத்து, பிசியோ அம்மா பிடிக்கிற மாதிரிப் பிடித்துக் காத்திருந்தேன். எரித்திரியாக்காரர் தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார். ஒரு நிமிடம் கழித்துத் திறந்தது. ஆனால் எங்களுக்கு இருந்த நேரத்தில் பாதி போய்விட்டது. மிச்சத்தில் அவர்தான் பேசினார். எதிரே இருந்தவர்கள் தாளில் ஏதோ எழுதினார்கள்.

8

கடிதத்தை நான் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்று, சிவப்புப் பொட்டைப் பார்த்துக்கொண்டே பிரித்தேன்.

கேட்பதும் படிப்பதும் பி-ஒன். எழுத்தும் பி-ஒன். எட்டாவதோடு நின்றவன் எழுத்தில் தேறிவிட்டேன். பேச்சு மட்டும் அதற்கு ஒரு படி கீழே, ஏ-டூ. அதனால் மொத்தமும் ஏ-டூ.

ஜெசிந்தாவுக்குப் போன் செய்தேன். வார்டில் இருந்தாள். பின்னால் நோயாளிகள் கூப்பிடுகிற மணி அடித்துக்கொண்டிருந்தது. “சரிங்க. மறுபடி எழுதுவோம். நீங்க பல்லக் கடிக்காம இருங்க, நான் வாரேன்” என்றாள். செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். அட்டை அந்த வெள்ளியோடு முடிகிறது. பார்க்க வேண்டியிருக்கும் என்று சொன்ன அம்மா பார்ப்பார்.

அண்ணன் வழக்கம்போலப் பேசினார். “நல்லாருக்கியாலே?” என்றார். ஏழு வருடமாக நல்லாருக்கேண்ணே என்றுதான் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு, “இல்லண்ணே” என்றேன். அவர் பேச்சைக் காற்றுக்கு மாற்றினார். கடலில் காற்று மாறிவிட்டதாம்.

பள்ளிக்கூடம் விட்டு அனிட்டா வந்தாள். கடிதம் மேஜையில் விரித்தபடி கிடந்தது. இந்த வீட்டில் அதை ஒரே மூச்சில் படிக்கக்கூடியவள் அவள்தான். படித்தாளா என்று நான் பார்க்கவில்லை. பையை வைத்தாள். அளவுகோலை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

“ஆ காட்டுங்கப்பா. வலிச்சா எடது கை.”

நான் கையைத் தூக்கினேன்.

அவள் அளவுகோலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“அப்பா, நான் இன்னும் வைக்கவே இல்ல. எங்க வலிக்குது?”